மேசையின் மறுமுனை

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். படிக்கட்டில் பாரம் ஏறும்போது மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே நிற்பவர் பின்பக்கமாக அடி வைத்து ஏறிக்கொண்டே வழி சொல்வார். கீழே நிற்பவருக்கு முகத்துக்கு முன்னால் இருக்கும் சாமானைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் பாரம் முழுக்க அவர் மேல்தான் இருக்கும். வேலைக்கு வந்த நாளிலிருந்து கீழே நிற்பது நான். என் உடம்பைப் பார்த்தவர்கள் வேறு இடம் யோசித்ததே இல்லை. பட்டப்பெயரும் பீரோ.

மேலே நிற்பது என் மனைவியின் தம்பி. ஆள் ஈர்க்குச்சி, குரல் மட்டும் ஒலிபெருக்கி.

ஒரு நாள் ஃப்ரிட்ஜ் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தோம். படி திரும்புகிற இடத்தில் என் முழங்கால் பூட்டிக்கொண்டது. மூச்சும் வரவில்லை.

"மாமா, ஏறுங்க!" என்றான்.

பதில் சொல்லக்கூட என்னிடம் காற்று இல்லை. அவனுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. தொடையை முட்டுக் கொடுத்து ஃப்ரிட்ஜைப் படியில் நிறுத்தினான். நான் அதன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். வேர்வை காய்வதற்குள் அவன் தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்.

வீட்டில் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"தூங்கறப்ப உங்க மூச்சு நின்னு நின்னு வருது. அடுத்தது வருமா வராதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். இப்ப பகல்லயும் நிக்க ஆரம்பிச்சிடுச்சா?"

டாக்டரைப் பார்க்கப் போனோம். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம், எடை குறைந்தால் முழங்காலும் மூச்சும் தேறும் என்றார்கள். முதலில் பார்த்த சர்ஜன் உயரமானவர், பளபளப்பானவர். "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். நீங்க வந்து படுத்தா போதும்," என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"நல்லாத்தானே பேசினாரு?" என்றாள் மனைவி.

"அதான் பயமா இருக்கு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் ஒருவனோடு படி ஏறுவதற்கு முன், தரையிலேயே ஏதாவது கனமான சாமானை அவனோடு சேர்ந்து தூக்கிப் பார்ப்போம். முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கொஞ்சம் நடந்து, கீழே வைப்போம். அதற்கப்புறம்தான் அவனை நம்பிப் படியில் கால் வைப்பது. என் இடது கால் கட்டைவிரல் நகம் கோணலாக முளைப்பது, ஒரே ஒரு தடவை இந்த வழக்கத்தை விட்டதால். இந்த மனிதர்களோ என்னைத் தூங்கவைத்து, வயிற்றுக்குள் கருவியை விட்டு, இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்கு எந்தப் பரீட்சையும் கிடையாதாம்!

"இந்தத் தடவையும் ஓடி வந்தீங்கன்னா," என்று சொல்லித்தான் இரண்டாவது சர்ஜனிடம் என்னைக் கூட்டிப் போனாள் மனைவி. மிச்சத்தை அவள் சொல்லவில்லை.

இவர் ஒரு குட்டையான அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அறையில் ஒரு பழைய மேசை. ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அழிரப்பர் நிறத்தில் ஒரு ரப்பர் இரைப்பையை என் கையில் கொடுத்து, எங்கே வெட்டுவார், எங்கே தைப்பார் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்றேன்.

"வந்ததுலேர்ந்து சரி மட்டும்தான் சொல்றீங்க. சம்மதமா, பயமா?"

"பயம்தான் டாக்டர்," என்று மனைவி முந்திக்கொண்டாள். "போன எடத்துலேர்ந்து ஓடியே வந்துட்டாரு. நாலு அடி நடந்தா மூச்சு வாங்கற மனுஷன், அன்னைக்கு என்னா ஓட்டம்!"

டாக்டர் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பயம் இருக்கட்டும். என்னைப் பத்தி என்ன தெரிஞ்சா அது குறையும்?" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்களோட சேந்து ஒரு தடவை ஏதாவது தூக்கிப் பாக்கணும் டாக்டர்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே காது சுட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த மேசை ஆகுமா? ஜன்னலோரம் போடணும்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிடுச்சு. ஒருத்தரும் வரல."

மனைவி லேப்டாப்பை ஒரு கையிலும் ரப்பர் இரைப்பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நான் ஒரு முனை, டாக்டர் மறுமுனை.

"முதுகால தூக்காதீங்க டாக்டர், காலால தூக்குங்க."

"இந்தக் கைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு முன்னாடி எனக்குத்தான் சாப்பாடு நிக்கும். பாத்துக்குங்க."

மேசை எழும்பியது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். அப்படியே மூடிவிட்டார். இரண்டு அடிதான் வைத்திருப்போம்.

"நிறுத்துங்க. கை வழுக்குது, கீழ வெச்சிடலாம்," என்றார் டாக்டர்.

சத்தமே இல்லாமல் வைத்தோம். அவர் உள்ளங்கைகளை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். முகத்தில் வெட்கமெல்லாம் இல்லை. "பிடிச்ச இடம் சரியில்ல. கீழ்ச் சட்டத்தைப் பிடிக்கிறேன்," என்றார். இரண்டாவது தடவை மேசை ஜன்னலுக்கே போய்விட்டது.

"சரி, இப்ப டாக்டர் பாஸா, ஃபெயிலா?" என்று சுவரோரத்திலிருந்து கேட்டாள் மனைவி.

"பாஸ்."

"முதல் தடவை பாதியில வெச்சிட்டாங்களே?"

"அதுக்குத்தான் பாஸ்." நாங்கள் தூக்கிப் பார்ப்பது பலத்தை அல்ல. கை வழுக்கும்போது வாயைத் திறக்கிறவனா, 'சமாளிச்சிடுவேன்' என்று பல்லைக் கடித்துவிட்டுக் கடைசியில் விட்டுவிடுகிறவனா என்பதைத்தான் பார்ப்போம். என் கட்டைவிரல் மேல் போட்டவன் நல்ல பலசாலி.

டாக்டரிடம் கேட்டேன். "உள்ள வேலை செய்யறப்பவும் இப்படித்தானா?"

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார்.

"இப்படித்தான். சரியா வராதுன்னு தெரிஞ்சா நிறுத்தி, மூடிட்டு, வெளிய வந்து சொல்லிடுவேன். ஒருத்தருக்கு அப்படிச் செஞ்சிருக்கேன். ரொம்ப நாள் என் முகத்துல முழிக்கல அவரு. அப்புறம் உடம்பைத் தேத்திக்கிட்டுத் திரும்பி வந்தாரு. நல்லபடியா முடிஞ்சுது."

"அப்ப தேதி குடுங்க டாக்டர்."

"இருங்க. என் முறை. நானும் உங்களைத் தூக்கிப் பாக்க வேணாமா?"

"இவரையா!" என்று அலறினாள் மனைவி.

அவர் சொன்னது வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் அவர் சொல்கிற சூப்பும் பானங்களும் மட்டும்தானாம். என்னைப் போன்றவர்களுக்குக் கல்லீரல் வீங்கி, இரைப்பைக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அது சுருங்க வேண்டும். எனக்கு இது சட்டென்று விளங்கியது. நடையை அடைத்துக்கொண்டு சோபா கிடந்தால் உள்ளறைப் பீரோவை எப்படி வெளியே எடுப்பது?

"முதல்ல ஒரு வாரம் இருந்து பாருங்க. முடியலன்னா முடியலன்னு போன் பண்ணணும். ஒளிச்சுத் தின்னுட்டு 'சமாளிச்சிட்டேன்'னு வந்து படுத்தீங்கன்னா, கீழ நிக்கிற ஆள் நீங்க இல்ல, நான். அந்த வாரம் முடியட்டும், தேதி தர்றேன்."

"சொல்லிடறேன் டாக்டர்." பயத்தில் சொன்ன 'சரிங்க டாக்டர்' இல்லை அது.

இரண்டு நாள் ஓடியது. மச்சான் என் எதிரில் சாப்பிடக் கூசி லாரிக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டான். மீசையைத் துடைக்கத்தான் மறந்துவிடுவான். மூன்றாம் நாள் முதலாளி எங்களை ஒரு வேலைக்கு அனுப்பினார். போய் இறங்கிப் பார்த்தால் அது பேக்கரி. வேறு தெருவுக்கு மாறுகிறார்கள், ஆறிக் கிடந்த பெரிய அடுப்பை ஏற்ற வேண்டும். பக்கத்தில் இருந்த சின்ன அடுப்பில் கடைசியாகச் சுட்ட பன்னை வெண்ணெய் தடவி ஆளுக்கொன்று கொடுத்தார் பேக்கரிக்காரர். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். கை நீண்டுவிட்டது.

மற்றக் கையால் போனை எடுத்தேன். நர்ஸ் பேசினார்.

"யாரு, மேசை தூக்கினவரா? இருங்க, குடுக்கறேன்."

"டாக்டர், கை வழுக்குது," என்றேன்.

"கைல என்ன?"

"பன்னு. வெண்ணெய் தடவினது. பேக்கரிக்கு அடுப்பு ஏத்த வந்தோம்."

"சூடாவா?"

"ஆவி பறக்குது."

"ஐயோ," என்றார் டாக்டர். அந்த 'ஐயோ'வில் எனக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது. "பக்கத்துல யாரு இருக்கா?"

"மச்சான்."

"அவர்கிட்ட குடுங்க."

"அவன் ஏற்கெனவே ஒண்ணு முழுங்கிட்டான்."

"அவருக்குத் தாங்கும். காலைல சூப் குடிச்சீங்களா?"

"அவசரத்துல விட்டுட்டேன்."

"அதான். வெறும் வயித்தோட பேக்கரிக்குப் போனா நான்கூட வழுக்குவேன். பிடிச்ச இடம் சரியில்ல, அவ்வளவுதான். போய் முதல்ல சூப்பைக் குடிங்க, அப்புறம் தூக்குங்க."

பன் கை மாறியது. மச்சான் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே தின்றான். நான் லாரியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். சூப்பில் ருசி என்று ஒன்றும் இல்லை. காலி செய்துவிட்டு வந்து பெரிய அடுப்பில் கை வைத்தேன்.

வாரம் முடிந்ததும் டாக்டர் தேதி கொடுத்தார்.

அந்த நாள் காலையில் தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்தார்கள். மல்லாந்து கிடந்தவனுக்குக் கூரை விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கீழே நின்று பழகிய எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. மனைவி என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "ஓடிடாதீங்க," என்றாள். தலைமாட்டில் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"பிடிச்சாச்சா டாக்டர்?" என்றேன்.

"கீழ்ச் சட்டத்தையே பிடிச்சிருக்கேன். போலாமா?"

"போலாம்," என்றேன்.