வாக்குமூலத்தில் விடுபட்ட பெயர்

போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த ஆவி பறக்கும் டீயை அமலி இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள், காப்பகச் சுவரேறிக் குதித்ததில் சிராய்த்த முழங்கையைக்கூடப் பார்க்காமல், குடிட்டி, நல்ல மனுசனா இருக்காரு என்றாள், இசக்கியம்மாளும் குடித்தாள், இருபது வயது தாண்டியும் போலீசை நம்பலாம் என்றிருந்த காலம், இன்ஸ்பெக்டர் தங்கத்துரை சிரித்தபடியே போனை எடுத்தார், பொண்ணுக ரெண்டும் இங்கதான் இருக்கும்மா, ஆளனுப்புங்க என்றார், பேசியது காப்பகக் கண்காணிப்பாளரிடம், அவர்களை ராத்திரிகளில் காரில் ஏற்றி லாட்ஜ் லாட்ஜாக ஆண்களிடம் அனுப்பிய அதே பெண்ணிடம், அமலி டம்ளரைக் கீழே வைக்கிறாள், அப்புறம் ஒரு வாரத்தில் அவளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள், கால் தவறிட்டு என்கிறார்கள், கவனிக்கிறீங்களாம்மா என்று யாரோ கேட்கிறார்கள்.

கேட்டது டி.எஸ்.பி. வாசுகி, மாநிலச் சிறப்புப் புலனாய்வுக் குழுவின் அலுவலகம் இது, எத்தனையோ வருஷம் கழித்து இசக்கியம்மாளைத் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தார்கள், எழுதியதை வாசித்துக் காட்டினார் வாசுகி, கண்காணிப்பாளர் பெயர் இருந்தது, கார் ஓட்டியவன் பெயர் இருந்தது, பிறகு, ஒரு காவலர் எங்களைத் திருப்பி அனுப்பினார் என்று வந்தது.

ஒரு காவலர் இல்லம்மா, தங்கத்துரை.

வாசுகி பேனாவை மூடினார், அவரு இப்ப எனக்கே மேலதிகாரிம்மா, முதல்ல இந்தப் பொம்பளைய உள்ள தள்ளுவோம், அவரத் தொட்டா கேஸே நிக்காது என்றார், குரலில் பொய் இல்லை, அதுதான் இசக்கியம்மாளைக் கலக்கியது, அமலியும் இப்படித்தான் நம்பினாள், ஈரச்சேலையோடு அவளைக் கிடத்தியிருந்த காப்பக முற்றமும் இந்த அறையும் ஒன்றாகி, எது சுவர் எது கிணறு என்று தெரியாமல், நான் சொன்னதத்தான் எழுதணும், இல்லன்னா இது என் வாக்குமூலம் இல்ல என்றாள், வாசுகி மூடிய பேனாவைத் திறந்து பெயரை எழுதினார், அந்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க அவளை அழைத்து வந்த புது அதிகாரி நீதிமன்ற வராந்தாவில் மெதுவாகச் சொன்னார், வீடு, பிள்ளைன்னு நல்லா இருக்கீங்க, கண்காணிப்பாளரோட நிறுத்திக்கிடுங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன், இசக்கியம்மாள் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

உள்ளே மாஜிஸ்திரேட் போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார், பயப்படாம ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கம்மா என்றார், ஆரம்பம் எது என்று தேடியவள், கதவுக்கு அந்தப்பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, மொதல்ல தங்கத்துரைன்னு எழுதிக்கோங்க என்றாள்.