பந்தியிலிருந்து எழுந்தவர்

சவூதியின் யான்புவில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு தாரகனின் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவார்கள். வழக்கமாகப் பதினோரு பேர். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து, அந்த இரைச்சலுக்குள் அடங்கும் அளவுக்குத்தான் பாடுவார்கள். அது கம்பெனி கொடுத்த குடியிருப்பு. அனுமதி இல்லாமல் ஆட்களைக் கூட்டக் கூடாது என்பது ஹவுசிங் ஆபீஸின் விதி.

தாரகனுக்கு ஊர் மானிப்பாய், வயது நாற்பத்தாறு. ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளர். மனைவி சிவரூபி நர்ஸ். கூட்டத்துக்குப் பாஸ்டர் என்று யாரும் இல்லை. புத்தகம் படிக்கிற பழக்கம் இருந்ததால் பாடம் எடுக்கும் பொறுப்பு தாரகன் தலையில் விழுந்திருந்தது.

ஷியாமளா அதே கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தாள். திருச்சிக்காரி. கணவன் வாசு என்ஜினியர். அவர்களுடைய ஒரே மகன் ரிஷி, ஏழு வயது, மூளைக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டான். அந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தவள் சிவரூபி. உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த மாதம், ஷியாமளா கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமை பாடுறீங்கல்ல அக்கா, மேல மெதுவா கேக்கும். நான் வந்து சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?"

நெற்றியில் குங்குமத்தோடுதான் வந்தாள். வீட்டில் விளக்கேற்றுவதையும் நிறுத்தவில்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. "அங்க வந்துட்டுப் போனா அன்னிக்குத் தூங்குறா சார்" என்று வாசு ஒருநாள் லிஃப்டில் தாரகனிடம் சொன்னான்.

அந்தக் காலத்தில் தாரகன் தங்கள் சமயம் எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேசி வந்தார். பல மாதம் படித்துக் குறிப்பெடுத்த விஷயம். முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்டுப் பலருக்கு ஒருமாதிரியாக இருந்தது.

"இயேசு செத்த நேரம் கிறிஸ்தவர் எண்ட சொல்லே இல்லை. அவரும் யூதர், அவருக்குப் பின்னால போனவையும் யூதர். எருசலேம் கோயிலுக்குத்தான் போய்க் கும்பிட்டவை. ஓய்வுநாள் வச்சவை. பண்டி இறைச்சி தின்னாதவை. புதுச் சமயம் ஒண்டு தொடங்குறம் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை."

பிறகு வெளியார் வந்து சேர்ந்த கதை. யூதர் அல்லாதவர்கள் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். விருத்தசேதனம் செய்து, எங்கள் சாப்பாட்டு முறைக்கு வந்து, முதலில் யூதராகுங்கள் என்றார்கள் ஒரு பகுதியார். வேண்டாம், இப்படியே வரட்டும் என்றார்கள் மற்றவர்கள்.

"சண்டை பெரிசா வெடிச்சது சாப்பாட்டுப் பந்தியிலதான்," என்றார் தாரகன். "அந்தியோக்கியா பட்டணத்தில, இயேசுவின்ர முதன்மைச் சீடர் பேதுரு வெளியாக்களோட ஒண்டா இருந்து சாப்பிட்டவர். எருசலேமில இருந்து சிலபேர் வந்தவுடனே பயந்துபோய் எழும்பி விலகிட்டார். வெளியாக்களுக்காக நிண்ட பவுல் அவரை முகத்துக்கு நேர கண்டிச்சார். அந்தப் பந்தி பிறகு ஒழுங்காச் சேரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு சமயமாப் போச்சுது."

ஷியாமளா அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தாள். "அண்ணா, அவர் எழுந்து போனப்ப பந்தியில உக்காந்திருந்தவங்க என்ன பண்ணாங்க?"

தாரகன் குறிப்பேட்டைப் பார்த்தார். "அதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஜெத்தாவிலிருந்து பாண்டித்துரை வந்தார். அங்கே ஒரு கம்பெனியில் எச்ஆர் மேனேஜர். செங்கடல் கரை நெடுக இருந்த இப்படிப்பட்ட வீட்டுக் கூட்டங்களையெல்லாம் இணைத்துப் பார்த்துக்கொள்பவர். யாராவது சிக்கலில் மாட்டினால் வக்கீல் தேடுவதும், பாஸ்போர்ட் மீட்பதும் அவர்தான். அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை.

ஜெபம் முடிந்து எல்லோரும் தரையில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஷியாமளா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தாள். தாரகன் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். பாண்டித்துரை தட்டைத் தொடாமல் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இது உங்க வீட்ல செஞ்சதா?"

"ஆமாங்க. இன்னிக்கு என் பையனோட திதி. அவனுக்குப் பிடிச்சதுன்னு செஞ்சேன். அவன் படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டுட்டு எடுத்துட்டு வந்தேன்."

பொய் சொல்லத் தெரியாதவள். பாண்டித்துரை தட்டைத் தள்ளி வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"படைச்சதை நாம சாப்பிடக்கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு. பிரதர் தாரகன், இது உங்க பொறுப்பு. உள்ளே வர்றவங்க முழுசா உள்ளே வரணும். இல்லேன்னா ஒருநாள் எல்லாருக்கும் ஆபத்து."

ஒவ்வொருவராகக் கையை இழுத்துக்கொண்டார்கள். தாரகன் கையில் பிசைந்த சோறு இருந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். வெளியே வந்தபோது சிவரூபி மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கண்ணீர் தட்டில் விழ. ஷியாமளா பாத்திரத்தோடு போய்விட்டிருந்தாள்.

அன்று மாலை சிவரூபி கேட்டாள். "பேதுருவைப் பற்றி அவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினீங்கள். நீங்கள் ஏன் எழும்பினனீங்கள்?"

"பாண்டித்துரை கையை விட்டா இந்தப் பதினோரு பேருக்கும் ஆர் இருக்கினம்?"

"பேதுருவும் அப்பிடித்தான் யோசிச்சிருப்பார்," என்றாள் அவள். அடுத்த வெள்ளியிலிருந்து அவள் கூட்டத்தில் உட்காரவில்லை. மூன்று மணிக்கு மேலே போய் ஷியாமளாவோடு இருந்துவிட்டு வருவாள். தாரகன் தொடர் பாடத்தை நிறுத்தினார்.

இரண்டு மாதத்தில் அது நடந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஹவுசிங் ஆபீஸிலிருந்து இருவர் வந்து கதவைத் தட்டினார்கள். அறை நிறைய ஆட்கள், மடியில் பாட்டுப் பிரதிகள். பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் தாரகனைக் கூப்பிட்டு, விசாவை முடித்து ஊருக்கு அனுப்பும் ஃபைனல் எக்ஸிட் என்றார்கள். பத்து நாள் அவகாசம். மற்றவர்களில் நால்வர் வேறு கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். பதினாறு வருட வேலை ஒரு கையெழுத்தில் கலாஸ் ஆனது.

அதே வாரம் பாண்டித்துரையின் செய்தி எல்லாக் குழுக்களின் ஃபோன்களிலும் வந்தது. யான்புவில் ஒரு சபை கலைக்கப்பட்டது, உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு புறமதப் பெண் காட்டிக்கொடுத்தாள், ஜெபியுங்கள். பெயர் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை.

தாரகன் கணக்கு முடிக்க ஹவுசிங் ஆபீஸுக்குப் போனபோது, அங்கே கிளார்க்காக இருந்த கல்முனைக்காரர் முகம்மது சித்தீக் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணன், உங்கட ஆக்கள் அந்தப் பொம்புளையச் சொல்லுறாங்களாமே? அநியாயம். ஒருத்தரும் காட்டிக்குடுக்கல்ல. வெள்ளிக்கிழமையில கார் நிப்பாட்ட இடமில்ல எண்டு ரெண்டாம் மாடி ஆள் ஒருத்தர் கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கார். கார் ஆரோடது எண்டு பார்க்கத்தான் வந்தவங்க. அந்தப் பேப்பர என்ட கண்ணால பார்த்தன்."

தாரகன் வாசலிலேயே நின்று பாண்டித்துரைக்கு ஃபோன் செய்தார். எல்லாம் சொன்னார்.

"பிரதர், சொன்னது சொன்னதுதான். ஜனங்க உஷாரா இருக்காங்க, அது நல்லதுதானே."

"அண்டைக்கும் இப்பிடித்தான் நடந்தது," என்றார் தாரகன். "ஒரே வீட்டுக்குள்ள பிடிச்ச சண்டை. பிறகு வெளியில இருந்து வந்த நாங்கள் அதைக் கையில எடுத்துக்கொண்டு, யூதர்தான் இயேசுவைக் காட்டிக்குடுத்தவை, யூதர்தான் சாகடிச்சவை எண்டு ரெண்டாயிரம் வருசம் சொல்லிக்கொண்டு திரிஞ்சம். அதால எத்தினை சனம் செத்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"நீங்க ரொம்பப் படிச்சுட்டீங்க" என்று சொல்லி பாண்டித்துரை வைத்துவிட்டார்.

தாரகன் தன் கையால் மறுப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பப் பார்த்தார். அதற்குள் அவரைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். வாசுவின் சைட்டில் இரண்டு தமிழர்கள் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். பகாலா மளிகைக் கடையில் ஷியாமளாவைக் கண்ட ஒருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் வாசு அவளை ஊருக்கு அனுப்பினான். தாரகன் விடைபெற மேலே போனபோது, அவன் கதவை முழுதாகத் திறக்காமலே பேசினான்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன் சார். செத்துப்போன குழந்தைக்கு வெச்ச சோத்துல உங்களுக்கு என்ன சார் பயம்?"

தாரகன் படியிறங்கினார்.

மானிப்பாய்க்கு அவரும் சிவரூபியும் வரும்முன்பே கதை வந்துவிட்டது. முதல் ஞாயிறே ஊர்ச் சபையின் கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தாரகன் எழுந்து நின்று, தயாரித்து வந்திருந்த இரண்டே வாக்கியங்களைச் சொன்னார்.

"எங்களை ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை. காட்டிக்குடுத்தது எண்டு சொன்னா, நான்தான் அந்தப் பொம்பிளைப் பிள்ளையைக் காட்டிக்குடுத்தனான்."

பிறகு போதகர் எழுந்து அவர் தோளில் கைவைத்தார். "பாருங்கோ பிள்ளைகளே, தனக்குத் துரோகம் செய்தவளையும் எப்பிடி மன்னிக்கிறார் எண்டு." முன்வரிசையில் ஒரு கிழவி விம்மி அழுதாள். தாரகன் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது கைகுலுக்க வரிசையில் நின்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் சிவரூபி பலாலியிலிருந்து விமானம் ஏறித் திருச்சிக்குப் போனாள். தாரகன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். ஷியாமளா தன் அம்மா வீட்டில் இருந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டு, விசிறியைப் போட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்ல அக்கா?"

"தெரியும்."

"அண்ணாவுக்கும் தெரியும்."

"அவருக்கும் தெரியும்."

"அப்ப அது போதும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். எனக்குத்தான் போதலை." ஷியாமளா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அங்க உக்காந்திருந்தப்ப ரிஷி பக்கத்துல இருக்கான்னு தோணும். இப்ப எங்க உக்காந்தாலும் அது வரலை. கோயிலுக்குப் போனாலும் வரலை. இனிமே வராதீங்க அக்கா. உங்க மேல கோவம் இல்லை. உங்களைப் பார்த்தா எல்லாம் திரும்ப வருது."

மறுநாள் பலாலியில் தாரகன் காத்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆட்டோ சுன்னாகம் தாண்டியபிறகுதான் கேட்டார்.

"என்ன சொன்னவ?"

சிவரூபி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவம் இல்லையாம்" என்றாள்.

அவர் மேலும் ஏதாவது வருமென்று வீடு வரைக்கும் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.