காலித் தட்டு

அவர் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் கடைக்காரர்களுக்கு முன்பே தராசுகள் நடுங்கும் என்பார்கள். முத்திரை ஆய்வாளர் உத்தியோகம், இருபத்தெட்டு வருஷம். கடைகளில் இருக்கும் எடைக்கற்கள், படிகள், மின்தராசுகள் எல்லாம் ஒழுங்காக அளக்கின்றனவா என்று பார்ப்பார். அளந்தால் முத்திரை குத்துவார், அளக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் 'தராசு'தான்.

சோதனையில் அவருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. எடையை வைத்து முள்ளைப் பார்ப்பதோடு விடமாட்டார். எடையை எடுத்துவிட்டு, தட்டு காலியானதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

"சாமான் இருக்கிறப்ப எல்லாத் தராசும் யோக்கியன் மாதிரிதான் நிக்கும். தட்டு காலியானதும் என்ன காட்டுதுன்னு பாரு, அப்பத் தெரியும் அதோட குணம்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டுப் பயணம் வந்தது. மகளுக்கு அங்கே பிரசவம். மனைவி ஒரு மாதம் முன்பே போய்விட்டாள். குழந்தை குறுக்கே கிடப்பதால் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அவருடைய விமானம் அன்று காலை பத்து மணிக்குப் போய் இறங்கும்.

"அப்பா, உள்ள போறதுக்கு முன்னாடி உங்களப் பாத்துடணும்ப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். சின்ன வயதில் ஊசிக்குக்கூட அழாத பெண். அந்தக் குரல் அவர் காதிலேயே நின்றது.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு ஊரின் இரண்டு கோடியிலும் கட்டடங்கள். எதில் படுக்கை காலி என்று அன்று காலைதான் தெரியும். மருமகன் செய்தி அனுப்புவான். அதைப் பார்க்க அவர் போனில் இணையம் இருக்கவேண்டும்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா. ஒரு இ-சிம் வாங்கி அனுப்புறேன். சுமாரா பத்து ஜிபி இருக்கும், தாராளமாப் போதும்" என்றான் மருமகன். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.

தராசுக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'சுமாரா'. கல்யாணமாகி மூன்று வருஷமாக மருமகன் வாயில் அவர் அதிகம் கேட்ட சொல்லும் அதுதான். சுமாரா வர்றேன், சுமாரா முடிச்சுடலாம். ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற லிஃப்ட்டைச் சுமாராகப் பழுதுபார்ப்பவனிடம் பெண்ணைக் கொடுத்தோமே என்று சில நாள் அவருக்குச் சோறு இறங்காது.

மருமகன் அனுப்பிய கட்டம்போட்ட படத்தை ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு, தெருமுனைப் போன் கடைக்கு நடந்தார். கடைக்காரம்மாவின் தராசை அவர் சோதித்ததில்லை, அவளிடம் தராசே கிடையாது. அதனால் அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை.

"வெளிநாட்டுக்குப் போனா நெட்டுக்கு என்னென்ன வழிம்மா இருக்கு? ஒண்ணுவிடாமச் சொல்லு."

"முதல் வழி ரோமிங் சார். இதே சிம். நம்ம கம்பெனி அந்த ஊர் கம்பெனியோட டவரை வாடகைக்கு எடுத்து உங்களுக்குக் குடுக்கும். வாடகைக்கு மேல வாடகை. அதான் விலை ஜாஸ்தி."

"நான் போனைத் தொடாம வச்சிருந்தா?"

"நீங்க தொடலைன்னாலும் அது சும்மா இருக்காது. தூங்குறப்பவும் மூச்சு விடுற மாதிரி, உள்ளுக்குள்ள எதையாவது எடுத்துக்கிட்டேதான் இருக்கும்."

தராசு நிமிர்ந்தார். "எவ்வளவு எடுத்துச்சுன்னு யாரு அளக்கிறது?"

"கம்பெனிதான்."

"விக்கிறவனும் அவனே, அளக்கிறவனும் அவனே. முத்திரை?"

"முத்திரையெல்லாம் ஏது சார்!" என்று அவள் சிரித்தாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு பெரிய திருட்டை அவர் கண்டதில்லை. அங்கேயே நின்றபடி கம்பெனிக்குப் போன் போட்டு, தன் எண்ணில் ரோமிங்கை அடியோடு மூடச் சொன்னார். மூடியதற்கு ஒப்புகை எண்ணும் வாங்கிச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மற்ற வழிகளும் தேறவில்லை. அங்கே இறங்கி உள்ளூர் சிம் வாங்கலாம், ஆனால் முன்பின் தெரியாதவனிடம் பாஸ்போர்ட்டை நீட்டவேண்டும். விமான நிலையத்தில் இலவச வைஃபை கிடைக்கும், ஆனால் சும்மா கொடுப்பவன் எதையோ எடுக்காமல் கொடுப்பானா? கடைசியில் மருமகன் அனுப்பிய தாள்தான் மிஞ்சியது.

"இந்தக் கட்டத்துக்குள்ள சிம் இருக்குங்கிறியா?"

கடைக்காரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சிம்முங்கிறது அந்தத் தகடு இல்ல சார், அதுக்குள்ள இருக்கிற ரகசிய எண். தகடு வெறும் உறை. உங்க போனுக்குள்ள காலியா ஒரு பெட்டி வச்சே செஞ்சிருக்காங்க. இந்தக் கட்டத்தில இருக்கிறது ஒரு விலாசமும் ஒரு டோக்கனும்தான். போன் நெட் வழியா அந்த விலாசத்துக்குப் போயி டோக்கனைக் காட்டும். அவங்க ரகசிய எண்ணைக் குடுப்பாங்க, பெட்டியில வச்சுக்கும். வீட்டுலயே ஏத்தி வச்சுடுங்க, அங்க இறங்கினதும் முடுக்கினாப் போதும். டோக்கன் ஒரு தடவைதான் செல்லும், ஏத்தினதை மறந்தும் அழிச்சிடாதீங்க."

கடைசி வாக்கியம் அவர் காதில் விழத்தான் செய்தது. ஒரு தடவை மட்டும் நிறுக்கிற கல்லை ஊரில் யாராவது கல் என்பார்களா? கடைக்காரி வியாபாரத்துக்காகப் பயமுறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு எடைக்கல் வைத்து, போனைக் காட்டினார். ஒரு நிமிடம் சுற்றியது. திரையில் இரண்டாவது இணைப்பு என்று ஒன்று முளைத்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அங்கே போனால்தான் வருமாம். கண்ணுக்குத் தெரியாத சரக்கு!

அப்போதுதான் கை பழைய வழக்கத்துக்குப் போனது. ஏற்றிப் பார்த்தாயிற்று. இறக்கிப் பார்க்கவேண்டாமா? 'நீக்கு' என்பதை அழுத்தினார். நிஜமாகவா என்று போன் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றார். இரண்டாவது இணைப்பு மறைந்து, போன் பழையபடி ஆனது.

"பூஜ்யம்" என்று சொல்லித் திருப்தியாகத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அங்கே போய் மறுபடி ஏற்றிக்கொண்டால் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விமானம் இறங்கியது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மணி பத்தே முக்கால். ஒரு தூணோரம் நின்று தாளை விரித்துப் போனைக் காட்டினார். போன் சொன்னது: 'இணைய இணைப்பு தேவை.'

மறுபடி காட்டினார். மறுபடி அதையே சொன்னது.

இணையம் வாங்குவதற்கு இணையம் வேண்டுமாம்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டு விற்றிருக்கிறான் மருமகன். சுமாரான ஆள் வாங்கிய சுமாரான சரக்கு.

வேறு வழியில்லாமல் இலவச வைஃபையைத் தொட்டார். அது போன் எண்ணைக் கேட்டது. மனசில்லாமல் கொடுத்தார். அந்த எண்ணுக்கு ஒரு ரகசியக் குறி வரும், அதைப் பதிந்தால் கதவு திறக்கும் என்றது. காத்திருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். குறி எப்படி வரும்? வருகிற வழியைத்தான் அவரே ஒப்புகை எண் வாங்கி அடைத்திருந்தாரே. ஆப்பசைத்த குரங்கின் வால் எங்கே மாட்டும் என்பது அவருக்குக் கதையாகத்தான் தெரியும். இப்போது வலித்தது.

மணி பதினொன்றே கால். எந்தக் கட்டடம்? கிழக்குக் கோடியா, மேற்குக் கோடியா? தவறாகப் போனால் திரும்பி வர இரண்டு மணி நேரம். எனக்குப் பயமா இருக்கு என்ற குரல் மறுபடி கேட்டது.

எதிரே சிம் விற்கும் கவுண்டர். உள்ளே இருந்தவன் இவரைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கிற கடைக்காரனைத்தான் தராசு முதலில் சோதிப்பார். ஆனாலும் போய் நின்றார். பாஸ்போர்ட்டை எடுத்தவர் அதை விடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் மறுமுனையைப் பிடித்து, பொறுமையாகக் காத்திருந்தான். மகள் முகம் நினைவுக்கு வந்ததும் அவர் விரல் தானாக விட்டது.

அவன் ஒரு நகல் எடுத்துப் பாஸ்போர்ட்டை அப்போதே திருப்பித் தந்தான். ஊசியால் போனைக் குத்திப் பழைய சிம்மை எடுத்து, ஒரு காகிதத்தில் ஒட்டி அவர் கையில் கொடுத்தான். புதியதைப் போட்டதும் நான்கு கோடுகள் எழுந்து நின்றன.

அவன் ரசீது அடித்த ஒரு நிமிடத்தில் தராசுக்குக் கை அரித்தது. மருமகனின் தாளைத் திரும்பக் காட்டினார். இணையம்தான் இருக்கிறதே, இப்போது என்ன சொல்கிறது பார்ப்போம். போன் சொன்னது: 'இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது.'

அகப்பட்டான்! எவனோ தின்ற எச்சில் இலையை மாமனாருக்கு விரித்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் சரியாக இரண்டு விநாடி நீடித்தது. அதற்குள் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாம் மருமகனுடையவை.

'மாமா, கிழக்குக் கட்டடம். நாலாவது மாடி. வழி வரைபடம் கீழே.'

'மாமா, இ-சிம் கணக்கைத் திறந்து பாத்தேன். செவ்வாய்க்கிழமை ஆறு இருபதுக்கு ஏத்தி, ஆறு இருபத்தஞ்சுக்கு அழிச்சதா காட்டுது. நான் பாத்தப்ப நீங்க விமானத்துல இருந்தீங்க, சொல்ல முடியல.'

'உங்க பொண்ணு சொல்றா, அப்பா காலித் தட்டு பாத்திருப்பாருன்னு. சிரிச்சிட்டே இருக்கா. பயம் கொஞ்சம் போயிடுச்சு.'

'வேற ஒண்ணு வாங்கியிருக்கேன், படம் இதோட. தயவுசெஞ்சு இதை அழிச்சிப் பாக்காதீங்க மாமா.'

தராசு அந்தக் கவுண்டர் முன்னால் நின்று, கடைக்காரம்மா சொன்ன கடைசி வாக்கியத்தை இப்போதுதான் முழுதாகக் கேட்டார்.

ஆஸ்பத்திரி நாலாவது மாடியில் லிஃப்ட் திறந்தபோது மணி ஒன்று நாற்பது. மகளைத் தள்ளுபடுக்கையில் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மனைவி.

"வந்துட்டாருடி உங்கப்பா" என்றாள் மனைவி. "நீ பொறந்தப்போ நர்ஸ்கிட்ட, தராசுல முத்திரை எங்கேன்னு சண்டை போட்ட மனுஷன். எங்கே வராம இருந்துடுவாரோன்னு பாத்தேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"பூஜ்யம் வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா. நல்லாவே வந்துச்சு" என்றார். அவள் சிரித்தாள். கதவு மூடியது.

இரண்டரைக்கு அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் ஒரு துணியில் குழந்தையைத் தூக்கி மின்தராசில் வைத்தாள். உள்ளே மருமகன் பச்சை அங்கி போட்டு நின்றுகொண்டிருந்தான். தராசின் கண் தன்னையறியாமல் எண்ணுக்குப் போனது. மூன்று கிலோ நூற்றுப்பத்து. துணியோடு! துணியின் எடையைக் கழித்தார்களா?

மருமகன் வெளியே வந்தான். கண் கலங்கியிருந்தது. எப்படிக் கேட்பது என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தபோதே அவனே ஆரம்பித்தான்.

"துணிய முதல்ல தனியா வச்சு, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாங்க மாமா. அப்புறம்தான் பாப்பா."

"நீங்க பாத்தீங்களா மாப்ள?"

"குழந்தையைத் தூக்கினப்புறம் துணிய மட்டும் திரும்ப வைக்கச் சொன்னேன். பூஜ்யம் வந்துச்சு. நர்ஸ் என்னைக் கேவலமாப் பாத்தா."

தராசு போனை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"அந்த ரெண்டாவது கட்டம் அனுப்பினீங்களே, அதை ஏத்திக் குடுங்க" என்றார். "நான் தொடல."