ஐந்தாவது தடவை மாற்றினால்

1

இந்தக் கதை என் முதுகுக்குப் பின்னால் பிறந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பின்னால் இரண்டு குரல்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியுமாம்."

"மாத்திட்டா?"

"அப்புறம் நம்ம பக்கம் திரும்பியே பாக்காதாம்."

பேருந்து வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரிந்தால் எனக்குக் கதை கெட்டுவிடும். எதை மாற்றுவது என்று மட்டும் அப்புறம் விசாரித்தேன். டிவிடி விற்பவர்கள் உலகத்தைப் பாகம் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒரு பாகத்தில் வாங்கிய டிவிடி இன்னொரு பாகத்துக் கணினியில் ஓடாது. கணினியின் பாகத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஐந்தே தடவை. ஐந்தாவது தடவை எங்கே நிற்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். யார் வீட்டுப் பங்காளிச் சண்டையோ, நமக்கு வந்து விடிந்திருக்கிறது.

2

முதல் வரி: தையற்காரம்மா அன்று மாலை மிகுந்த சோகத்துடன் ஊசியில் நூல் கோத்துக்—

வேண்டாம். நூல் கோக்கும்போது யாரும் சோகப்படுவதில்லை. கண்ணைத்தான் சுருக்குவார்கள்.

மறுபடி. கீழ் வீட்டில் தையற்காரம்மா. புதுத்துணி தைக்க மாட்டாள். பிடித்து விடுவது, பிரித்து விடுவது மட்டும்தான். மாடியில் அவள் நாத்தனார். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு பகலெல்லாம் "அடுத்தவங்க வாங்க" என்பவள். தையற்காரம்மாவின் மகன் வெளிநாடு போய் மூன்று வருடமாகிறது. ஒரு தடவைகூட வரவில்லை. அங்கே பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனவன், கூட்டத்துக்குள் வந்து விழுந்த பந்தைப் பிடித்துவிட்டான். அந்த ஆட்டம் டிவிடியாகக் கடைக்கு வந்தது. ஒன்று வாங்கி அம்மாவுக்கு அனுப்பினான்.*

(* போனில் அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். நாத்தனாரும் கேட்டாள். "போன்ல கடுகு மாதிரி தெரிவேன் அத்தை. டிவிடில ஆள் மாதிரி தெரிவேன்" என்றான்.)

"எந்த இடத்துலடா வருவே?" என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள் அம்மா. பக்கத்தில் நாத்தனார்.

"ஒன்பது இன்னிங்ஸோட முடிய வேண்டிய ஆட்டம், சமமா இருந்துதும்மா. அதுக்கப்புறம் வருவேன்."

"சமம்னா கை குடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"இங்க அப்படி விட மாட்டாங்க. ஒருத்தர் ஜெயிக்கிற வரைக்கும் இன்னொரு இன்னிங்ஸ், இன்னொரு இன்னிங்ஸ். இப்பதான் சீக்கிரம் முடியட்டும்னு, பத்தாவதுலேருந்து ஓட வேண்டிய தூரத்துல பாதியில ஒரு ஆளைச் சும்மாவே நிக்க வெச்சுடறாங்க. நான் போனது அதுக்கு முந்தி."

"அந்த ஆள் என்ன அடிச்சான்?"

"ஒண்ணும் அடிக்கலை."

"அப்புறம் எதுக்கு அங்க நிக்கிறான்?"

"எங்க டாக்டரோட மருமகன் மாதிரின்னு வெச்சுக்கோங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

3

இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கீழ் வீட்டில் இருந்த ஒரே கணினியில் டிவிடியைப் போட்டார்கள். வேறு பாகம் என்றது கணினி. முன்பு மகன் இரண்டு படம் அனுப்பியபோது அந்தப் பக்கம் மாற்றி, இந்தப் பக்கம் மாற்றி, நாலு தடவை போயிருந்தது. மீதி ஒன்று. அதையும் மாற்றிவிட்டால் நாத்தனார் அலமாரி நிறைய வாங்கி வைத்திருக்கும் சீரியல் டிவிடிகளில் இனி முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம். அதில் கடைசி டிவிடியை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

"அஞ்சு தடவை பிரிச்சுத் தெச்சா எந்தத் துணியும் வாயைப் பொளந்துடும். அதுக்குத்தான் கணக்கு வெச்சிருப்பான்" என்றாள் தையற்காரம்மா.

"என் சீரியல் முடியலையே அண்ணி."

"என் பிள்ளையைக் கண்ணால பாத்து மூணு வருஷமாச்சு."

இங்கிருந்து நாலு பக்கம் சண்டை எழுதினேன். கதவெல்லாம் அறைந்து சாத்தப்பட்டது. படித்துப் பார்த்த என் ஓரகத்தி கேட்டாள்: "கடைசி டிவிடியை முதல்ல பாத்துட்டு, அப்புறம் மாத்தினா என்ன?"

நாலு பக்கமும் குப்பைக்குப் போனது.

4

ஓரகத்தியின் யோசனையைத் தையற்காரம்மா வாயில் போட்டுப் பார்த்தேன்.

"முதல்ல உன் சீரியலை முடிச்சுடுவோம். எடு."

நாத்தனார் எடுத்தாள். பிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா கவரைக்கூடக் கிழிக்காம வெச்சிருக்கே. பழசையே மூணாந்தடவையா ஓட்டறே. அந்த மாமியார் சாகறப்பல்லாம் நானும் கூட உக்காந்து அழறேன். என்னதான் உனக்கு?"

நாத்தனார் கவரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அண்ணன் இருந்தவரைக்கும் அண்ணனைப் பாக்க வந்தேன். இப்ப இது. இதுவும் முடிஞ்சுட்டா, சாயங்காலம் எதைச் சொல்லிட்டு நான் கீழ வர்றது?"

(இதை நான் யோசித்து வைக்கவில்லை. அவள் பேச்சு எனக்குக் கேட்டது, எழுதிக்கொண்டேன்.)

தையற்காரம்மா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துக் கீழே வைத்தாள்.

5

முடிவுகள்.

(அ) வாசலில் மகன், கையில் பெட்டியுடன்— அடித்துவிட்டேன். ஒன்றும் அடிக்காமல் பாதித் தூரத்தில் நிற்கிற ஆள் இவன்தான்.

(ஆ) எல்லாப் பாகத்து டிவிடியும் ஓடும் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்— கதை விளம்பரமாகிவிடும்.

(இ) 'இதுவே கடைசி மாற்றம். தொடரலாமா?' என்கிறது திரை. இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மொத்தம் எத்தனை இன்னிங்ஸ் அண்ணி?"

"பதினேழாம்."

"இவன் எதுல வர்றான்?"

"சொல்ல மாட்டேங்கறான். நாமளே தேடணுமாம்."

"ஒரு சாயங்காலத்துல ஆகாதே."

"ஆகாது."

"கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள போயிட்டான்னா?"

"மறுபடி முதல்லேருந்து போட வேண்டியதுதான்."

"எனக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது."

"எனக்கு மட்டும் புரியுதாக்கும். தினம் வா, புரியாமயே பாப்போம்."

தையற்காரம்மா கத்தரிக்கோலை நீட்டினாள், முதலில் சீரியல் டிவிடியின் கவரை வெட்ட. நாத்தனார் வாங்கிக்கொண்டாள். இன்னும் வெட்டவில்லை.

எனக்குச் சமமாக விட்டுவிட ஆசை. அந்த ஊரில்தான் அப்படி விட மாட்டார்களாமே. ஆகவே கத்தரிக்கோல் நாத்தனாரிடம், மகன் அனுப்பிய டிவிடி தையற்காரம்மாவிடம், கணினியின் சுட்டி உங்களிடம். பார்த்து அழுத்துங்கள். உங்களுக்கும் ஒரு தடவைதான்.