பாதி மருந்து

என் தம்பிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெரியவன் லிப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்கிறது என்று சொல்லிவிடுவான். சின்னவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன்; நூலளவு பிசகினாலும் அவனுக்குச் சோறு இறங்காது. இவ்வளவு விவரமான ஆட்கள் அப்படி ஒரு காரியம் செய்தார்களே என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. செய்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன் என்பது அதைவிட.

எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். கொத்துக் கொத்தாக வளர்ந்து நாற்பத்தெட்டு வயதில் அவரைக் கொண்டுபோயின. அது பரம்பரையாக வருவது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று பேரும் ஸ்கேன் எடுத்தோம். தம்பிகள் இருவருக்கும் இருந்தது, மூத்தவளான எனக்கு இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வெளியே வந்து அவர்கள் முகத்தைப் பார்க்கிறவரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

கட்டி வளர்வதை மெதுவாக்கும் புது மாத்திரை ஒன்றைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் சேர்ந்தார்கள். மூன்று வருட ஆராய்ச்சி. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. எந்தப் பாட்டிலில் எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது, மேலே நம்பர் மட்டும்தான். அப்படித் தெரியாமல் இருந்தால்தான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமாம்.

முதல் பாட்டில்களோடு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறை மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெரியவன் உட்கார்ந்திருந்தான்.

"ஒருத்தனுக்கு மருந்து, இன்னொருத்தனுக்கு மாவுன்னு விழுந்திருந்தா?" என்றான்.

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது. ரெண்டு பேருக்கும் மருந்தாக்கூட இருக்கும்" என்றான் சின்னவன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு நான் லிப்ட் மேல ஏறிக்கிட்டு இருப்பேன். நீ டயாலிசிஸ் மெஷின்ல படுத்திருப்ப. நான் எந்த முகத்தோட உன்னை வந்து பாக்குறது?"

பெரியவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, மூடி போட்ட டப்பா ஏதாவது குடு."

கொடுத்தேன். இரண்டு பாட்டிலையும் அதில் கொட்டிக் குலுக்கினார்கள். பிறகு ஆளுக்குப் பாதி எண்ணி, பாட்டில்களில் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். மாதாமாதம் இதே கூத்து. ஆஸ்பத்திரியில் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்கும் நர்ஸுக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே வந்தது. "புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு ஒற்றுமையா இருக்க மாட்டாங்கடா" என்று நான் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் சட்டை தைக்கும் ஆலையில் தரம் பார்ப்பவள். இரண்டு விதச் சாயத் துணி ஒரே கட்டுக்குள் கலந்துவிட்டால் முழுக் கட்டையும் ஒதுக்கித் தள்ளுவது என் அன்றாட வேலை. அந்தப் புத்தி ஒரு மாதமாவது என் சமையலறைக்குள் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

மூன்றாவது வருடம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கால் வீங்கியது. ஆராய்ச்சி முடிந்த பிறகு டாக்டரம்மா மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"எடுத்து வச்சிருந்த ரத்தத்தை எல்லாம் சோதிச்சோம். உங்கள்ல மாவு விழுந்தவரோட ரத்தத்துல மருந்து இருக்கு. எப்படி வந்துச்சு?"

பெரியவன்தான் சொன்னான். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மருந்து நல்லாவே வேலை செய்யுது. முழு அளவு சாப்பிட்டவங்களுக்கு டயாலிசிஸ் பல வருஷம் தள்ளிப் போகும். பாதி அளவுக்கு ஒண்ணும் கேக்கல. பாதி மருந்துன்னா பாதிப் பலன்னு கிடையாதுங்க."

"நிஜ மருந்து யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு."

"இனிமே குடுத்தா?"

"இந்த அளவு கெட்டுப்போன பிறகு அதால பிரயோஜனம் இல்லம்மா."

சின்னவன் அறையை விட்டு வெளியே போய், பின்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பெரியவன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "நான்தானடா டப்பா கேட்டேன்" என்றான்.

இரண்டு மாத இடைவெளியில் இருவரும் மெஷினுக்கு வந்தார்கள். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், அடுத்தடுத்த கட்டில். "இங்கயாவது ஆளுக்கொரு மெஷின் குடுத்திருக்காங்க" என்று பெரியவன் சொல்ல, நர்ஸ் மட்டும் சிரித்தாள். சிறுநீரகம் கொடுக்க முன்வந்த அவர்கள் பெண்டாட்டிமார் இருவரும் பொருந்தவில்லை. காத்திருப்போர் பட்டியலில் எட்டு வருடம் என்றார்கள். என்னைச் சோதித்தார்கள். இருவருக்குமே பொருந்தினேன்.

எனக்கு இருப்பது இரண்டு. கொடுக்க முடிந்தது ஒன்று. பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், சின்னவனுக்குக் கைக்குழந்தை. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் யாராவது ஒரு பிள்ளை கண்முன் வந்து நின்றது. கலந்து குலுக்கிப் பங்கு போட்டுவிட்டு, பங்கு போட முடியாததை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்களே என்று இருவர் மீதும் ஆத்திரமாக வந்தது.

சின்னவன் ஒரே ஒரு தடவை, "அண்ணனுக்குக் குடுக்கா. அவன் மருந்தைத்தான் நான் தின்னேன்" என்றான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பெரியவனோ பார்க்கும்போதெல்லாம் சொன்னான். போனில் சொன்னான், மெஷினில் படுத்துக்கொண்டு சொன்னான். "சின்னவனுக்குத்தான்கா. சீட்டு எனக்கு விழுந்துச்சு, பாழாக்கினதும் நான்தான். யோசிக்காம அவன் பேரை எழுது."

அத்தனை தடவை சொன்னதால், அது அவன் எடுத்த முடிவு என்று ஆக்கிக்கொண்டேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

தானம் கொடுக்கச் சம்மதப் பத்திரம் எழுதும் நாளில் மூன்று பேரும் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "யாருக்குத் தரீங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்" என்றார்.

"சின்னவனுக்கு" என்றேன்.

சொன்னபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரியவனைத்தான். தப்பு. அவன் அப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடித்ததும், முகத்தைச் சரிசெய்துகொள்ள அவனுக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அத்தனை தடவை சொன்னானே, ஒரு தடவையாவது நான் மறுத்துப் பேச மாட்டேனா என்றுதான் அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடுவதற்குத் தன் பேனாவை எடுத்து நீட்டினான். வாங்கினேன்.