ஓடாத நாடி

அமீர் அலிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சிவக்கும். அன்று மதியம் தெருமுனையில் துப்பாக்கி வெடித்ததுமே சிவந்துவிட்டது. பிக்குகள் ஊர்வலம் போய், பட்டாளம் ரங்கூன் தெருக்களில் இறங்கிய 2007ஆம் வருஷம். நோன்பு மாதம் வேறு. க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் இருந்த தன் மருந்துக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

மனைவி சைதா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். பாதரசம் இருநூற்றிருபதைக் காட்டியது.

“மாத்திரையை முழுங்குங்க.”

“நோன்பை முறிக்கச் சொல்றியா? போடி!”

ஊசியால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஸரத் சொல்லியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிரஷரை இறக்க சீனாவிலிருந்து வந்த யுராபிடில் குப்பியை உடைத்து, நரம்பில் மெல்ல ஏற்றினாள்.

“நெஞ்சு படபடக்காதே?” என்றார் அமீர் அலி.

“அது பழைய ஊசிக்கு. பிரஷர் இறங்கினா இதயம் பதறி ஓடும். இது ரத்தக்குழாயையும் தளர்த்தும், மூளையோட அடித்தண்டுக்கும் போவும். அங்க செரோட்டோனின் ஏற்பிகள்னு இருக்கு. அதுல இது போய் உக்காந்துட்டா, ‘குழாயை இறுக்கு, இதயத்தை விரட்டு’ன்னு கீழ போற உத்தரவு அடங்கிடும். பிரஷர் இறங்கும். நாடி ஓடாது.”

கொஞ்ச நேரத்தில் காது பழைய நிறத்துக்கு வந்தது. சைதாவுக்குத் தன் கைராசியில் பெருமைதான்.

அப்போது இரண்டு பிக்குகள் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்கள். அமீர் அலி சட்டென்று எழுந்தார். பின்கதவு வழியே அவர்களைச் சந்துக்குள் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றார்.

தடிக்காரர்கள் வந்தார்கள். பட்டாளத்துக்காகக் கூலிக்கு அடிக்கிற கூட்டம். கையில் தடி வந்ததும் ஊரே அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைப்பு. அலமாரிக் கண்ணாடிகள் நொறுங்கின. பாதரசக் கருவி தரையில் விழுந்து சிதறியது. இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு நீலாம்பாளின் மண்டையில் ஒரு அடி. அமீர் அலியைக் கீழே தள்ளி, இடது விலாவிலேயே மாறி மாறி மிதித்தார்கள். சைதா ஒருவன் கையைக் கடித்துத் தொங்கினாள். அவன் உதறிய உதறலில் அவள் உதடு கிழிந்தது.

அவர்கள் போனபோது நீலாம்பாளின் ரவிக்கை முழுக்க ரத்தம். வாசலில், அந்தத் தெருவில் வண்டி மிதிக்கும் கோபிகிருஷ்ணனின் ஸைக்கா ஒன்றுதான் நின்றது. மூன்று சக்கர மிதிவண்டி. படுத்துக் கிடப்பவர் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். சைதா கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நிதானமாக அடித்தது. உள்ளே ரத்தம் கசிந்தால் நாடி தறிகெட்டு ஓடும் என்பது ஆஸ்பத்திரியில் அவள் விரல்கள் கற்ற பாடம்.

“நீலாம்பாளை ஏத்து” என்றாள்.

வண்டி போன பிறகு அமீர் அலியின் முகம் வெளுத்தது, உள்ளங்கை சில்லிட்டது. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். இந்த மாதத்தில் மதியம் தாண்டினால் அவர் இப்படித்தான் வாடிப்போவார்.

“சைதா... தண்ணி குடு.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட பொழுது சாயும் மகுரிபு பாங்குக்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகையாக இறுகியிருந்தது. ஓட வேண்டிய நாடியை ஓடவிடாமல் செய்தவள் தானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“பாவி! நானே கட்டிப்போட்டுட்டு, நானே கையப் புடிச்சுப் பாத்தேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், தண்ணீர் கொடுக்க முடியாது. துணியை நனைத்து உதட்டில் ஒற்றினாள்.

கோபிகிருஷ்ணன் திரும்பி வந்ததும் அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் குறுக்கே மூங்கில் கட்டிப் பட்டாளம் நின்றது.

“பயப்படாதீங்க ஸயாமா,” என்றான் கோபிகிருஷ்ணன். நர்ஸுகளை பர்மியர்கள் அழைப்பது போலத்தான் அவனும் அழைப்பான். “அந்தம்மா ரத்தத்தப் பாத்துட்டு உடனே விட்டுட்டானுங்க.”

அமீர் அலியின் மேலே ரத்தம் இல்லை. ஒரு சிப்பாய் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

“என்னைவிட நல்லா அடிக்குது. நடிக்கிறான். வண்டியைத் திருப்பு.”

“நாடியை நம்பாதே!” என்று சைதா பர்மியில் கத்தினாள். “நான் போட்ட ஊசி மூளையிலேயே அதை அடக்கி வச்சிருக்கு. உள்ளே ரத்தம் கொட்டுது!”

“நாடி நல்லாயிருந்தா ஆளும் நல்லாயிருக்கான்” என்றான் அவன்.

சற்று முன் அவளும் அதையே நம்பினாள். மறுபடி கத்தினாள், கும்பிட்டாள், மூங்கிலைப் பிடித்து உலுக்கினாள். துப்பாக்கிக் கட்டையால் விரல்களில் ஓங்கி அடித்தார்கள். நசுங்கிய விரல்களோடு திரும்பிவந்து கணவரின் கையைப் பிடித்தாள். அப்போதும் நாடி பதறவில்லை. மெல்ல மெல்ல இளைத்து, அவள் பிடியிலேயே நின்றது.

அவள் போட்ட கூச்சலில் சிப்பாய் மறுபடி வந்தான். மணிக்கட்டைத் தொட்டான், உடனே விட்டான். மூங்கிலைத் தூக்கச் சொன்னான்.

“சரி, இப்போ போங்க.”

கோபிகிருஷ்ணன் மிதிக்கவில்லை. சைதா குனிந்து காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். மற்றவர்கள் ஓடிவந்து அவளைக் கீழே தள்ளுவதற்குள் சிப்பாயின் முகத்தில் மூன்று அடி விழுந்திருந்தது.