ஆறவிடாத துண்டுகள்

கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே வெளியே வந்துவிடலாம் என்றார் வக்கீல். நீதிமன்றத்தின் பின்னறையில் உட்கார்ந்து மிளகாய் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு மேஜைமேல் அவர் பக்கமாகவே தள்ளிவிட்டாள்.

அவளுடைய சொந்தப் பெயர் குற்றப்பத்திரிகையில் மட்டும்தான் இருந்தது. எட்டு வருஷம் டிரையர் ஓட்டிய சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் மிளகாய்தான். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது.

"எதுக்கும்மா பிடிவாதம்?" வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவளுக்காக அரசு அமர்த்திக் கொடுத்த வக்கீல், நல்ல மனிதர், தூக்கம் போதாதவர். "வேணும்னே வச்ச தீன்னு தீர்மானிச்சா, வெறும் சரக்கு எரிஞ்சிருந்தாலே ஏழு வருஷம். இது கீழே சலவைக்கூடம், மாடியில ஆளுங்க குடியிருந்த கட்டடம். ஆயுள் வரைக்கும் போகலாம். கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா ஆறு மாசம். மூணு மாசம் ஏற்கெனவே உள்ள இருந்தாச்சு, மிச்சத்தைத் தள்ளிவிட்ருவாங்க."

"மாடியில குடியிருந்ததே நானும் என் தங்கச்சியும்தான் சார். என் பாய் தலகாணியை நானே கொளுத்திட்டேன்னு எனக்கே ஆயுளா?"

"பக்கத்து ரூம்ல இன்னும் நாலு பேரு இருந்தாங்களே. நல்லவேளை, பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. அதவிடு, நீ கைதட்டினியே, அதுக்கு என்ன பதில் சொல்றது?"

அதுதான் தொல்லை. தட்டினாள். நடுத்தெருவில், நாற்பது பேர் பார்க்க, ஜன்னலில் புகை பொங்கிக்கொண்டிருந்தபோது படபடவென்று கைதட்டினாள். "சொன்னேன்ல! தலதலயா அடிச்சுக்கிட்டேன்ல!" என்று சிரிக்கவும் செய்தாள். தன் துணிமணியும் உள்ளேதான் எரிகிறது என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் போனில் படம் பிடித்துவிட்டான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டது எதற்கென்று கேட்டால், பத்து நிமிஷத்துக்கு. துண்டு காய்ந்ததும் டிரையரில் சூட்டை நிறுத்திவிட்டு வெறுங்காற்றில் பத்து நிமிஷம் சுற்றவிட வேண்டும். ஆறவைக்கும் சுற்று என்பார்கள். மசாஜ் நிலையத்திலிருந்து வரும் துண்டுகளுக்கு அது உயிர். எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அதில் எண்ணெய் கொஞ்சம் தங்கிவிடும். அதைச் சுடச்சுட மடித்து டிராலியில் அடுக்கினால், சூடு வெளியேற வழியில்லாமல் அடுக்கின் நடுவிலேயே ஏறிக்கொண்டு போகும். சில மணி நேரத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்காமல் தானே பற்றிக்கொள்ளும்.

புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு இதெல்லாம் கிழவிக் கதை. சூட்டோடு மடித்தால் சுருக்கம் விழாது, பத்து நிமிஷமும் மிச்சம் என்று அந்தச் சுற்றையே எடுத்துவிட்டார். மிளகாய் கத்தினாள். அவரைக் கரித்துக் கொட்டினாள். "ஒருநாள் இந்தக் கட்டடமே எரியும், நான் கைதட்டுவேன்" என்றாள். எல்லோரையும் தினம் ஒரு தடவை திட்டுகிறவள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

தங்கை அரக்கப்பரக்க அந்தப் பின்னறைக்குள் வந்தாள். வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போக வந்தவள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுடுக்கா. நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேலை கிடைச்சிருச்சு. நம்ம முதலாளியோட புதுக் கிளையில. நாலு நாளாச்சு."

"எதுல?"

"மடிக்கிற மேஜையில."

மிளகாயின் முகம் மாறியது. "அங்க துண்டை ஆறவைக்கிறாங்களா?"

"இல்லக்கா. அதே ஆளுதானே அங்கயும் பாக்குறாரு. கை பொசுங்குது, மடிக்கவே முடியல."

"இன்னைக்குப் போகாதடி."

"போகலன்னா வேலை போயிரும். நீயும் உள்ள இருக்க, நானும் சும்மா இருந்தா ஆச்சா?" தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஆயுள் தண்டனை என்ற வார்த்தைக்குக்கூட மிளகாய் இப்படிப் பயப்படவில்லை. வக்கீலைப் பார்த்தாள்.

"நான் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தா, தப்பு என்னோடதுன்னு முடிஞ்சிரும். அந்தாளு பாட்டுக்கு அங்க சூடா அடுக்கிட்டிருப்பான். முடியாது சார். ஆயுள்னா ஆயுள். நான் போட மாட்டேன்."

வக்கீல் தாளைப் பைக்குள் வைத்தார். "சரி. டிராலியில எவ்வளவு நேரம் இருந்தா தீப்பத்தும்? முதல்லேருந்து சொல்லு" என்றார். அவருக்குத் தூக்கம் கலைந்திருந்தது.

பதினொரு மணிக்கு வழக்கு எடுக்கப்பட்டது. கைதட்டும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அரசு வக்கீல் கேட்டார்: "கட்டடம் எரியும், கைதட்டுவேன்னு நீங்க முன்னாடியே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"தட்டினீங்களா?"

"தட்டினேன். தட்டுனது குத்தம்னா அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. தீ நான் வைக்கல."

அடுத்து மேற்பார்வையாளர் கூண்டில் ஏறினார். சட்டைக் கஞ்சி மொடமொடத்தது. கட்டடத்திலிருந்து கடைசியாக வெளியேறியவள் அவள்தான் என்று அடித்துச் சொன்னார். மிளகாயின் வக்கீல் எழுந்து, அவருடைய வேலைத் திறமையைப் பற்றி மிகவும் மரியாதையாக விசாரித்தார். மனிதர் உச்சி குளிர்ந்துவிட்டார்.

"ஒரு லோடுக்குப் பத்து நிமிஷம் மிச்சம் பண்ணினேன் சார். பழைய ஆளுங்க ஆறவைக்கணும், ஆறவைக்கணும்னு ஒரே புலம்பல். நான் அதை எடுத்தே விட்டேன்."

"புதுக் கிளையிலயும் எடுத்துட்டீங்களா?"

"முதல் நாளே. இன்னைக்குக் காலைலகூட ஆறு மணிக்கே மசாஜ் துண்டு நாலு டிராலி அடுக்கி வச்சுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

மிளகாய் எழுந்துவிட்டாள். காவலர் தோளை அழுத்தியும் உட்காரவில்லை.

"அஞ்சு மணி நேரமாச்சு! போன் பண்ணச் சொல்லுங்க ஐயா! டிராலிக்கு நடுவுல கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்க! என்னை அப்புறமா உள்ள போடுங்க, முதல்ல போன் பண்ணச் சொல்லுங்க!"

அரசு வக்கீல் ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையமர்த்தி, சாட்சியைப் பார்த்தார். "பண்ணுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டேதான் எண்ணை அழுத்தினார். எடுத்தது ஒரு பெண். டிராலியில் கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். மேல் துண்டு லேசான சூடு என்றது குரல். இன்னும் உள்ளே, என்றார். துண்டுகளை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு "ஐயோ!" என்று ஓர் அலறல்.

"சார், கையை வைக்க முடியல! நடுத்துண்டெல்லாம் கருகியிருக்கு, கருகல் வாடை அடிக்குது! புகை வருது சார்!"

மேற்பார்வையாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிளகாய்தான் கத்தினாள்: "வெளி வாசலுக்குத் தள்ளுங்கடி! நாலு டிராலியையும்! வெளிய போனப்புறம் தண்ணி ஊத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க! என் தங்கச்சி எங்க?"

சக்கரங்கள் தடதடக்கும் சத்தம். பெண்களின் கூச்சல். தண்ணீர் விழும் சத்தம். கடைசியில், மூச்சு வாங்க, வேறொரு குரல் போனுக்கு வந்தது.

"அக்கா, எல்லாரும் வெளிய வந்துட்டோம்க்கா. நாங்க தள்ளிட்டு வரும்போதே ஒண்ணு பத்திக்கிச்சு."

மிளகாய் அப்போதுதான் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக ஒரு சொட்டு அழாதவள், முகத்தை மூடிக்கொண்டு எல்லோர் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள்.

சாட்சி அங்கேயே இருக்கட்டும் என்றார் நீதிபதி. தீயணைப்பு அதிகாரியை அந்தக் கிளைக்கு அனுப்பச் சொன்னார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்து, இனியும் இந்தக் குற்றச்சாட்டை நடத்தப்போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, திரும்பப் பெறுகிறோம் என்றார் அவர். நீதிபதி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, நீதிமன்றத்துக்கென்று ஒரு மரியாதை உண்டல்லவா, அதற்காகவும் ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்களை விடுதலை பண்றேன். ஆனா அனுமதி கேக்காம எழுந்திருச்சு கத்துனது தப்பும்மா."

மிளகாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அனுமதி வாங்கித்தான் எட்டு வருஷம் வேலை பாத்தேன் ஐயா. இன்னைக்கும் கேட்டுக்கிட்டு நின்னிருந்தா, உள்ள பத்து பொம்பளைங்க எரிஞ்சிருப்பாங்க."

நீதிபதி எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.